உள்ளே பார்க்க வேண்டியதில்லை

வாடகை சோபா வாசலில் வந்து இறங்கியபோது அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் வெள்ளை நிறம். அதில் யாரும் உட்காரக் கூடாதாம், உட்கார்ந்தால் பள்ளம் விழுமாம். உட்காரக் கூடாத சோபாவை வாடகைக்கு எடுக்கிற அளவுக்குத் தன் தம்பி வளர்ந்துவிட்டானே என்று அவள் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி வந்த ஆட்கள் எங்கே வைக்க என்று கேட்டார்கள். என் தலையில் வையுங்கள் என்றாள். அவர்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் தம்பிக்கு அக்கா. வேலை பார்க்கிற மருத்துவமனையில் நர்சுகளுக்கும் அக்கா, அவளைவிட மூத்த காவலாளிக்கும் அக்கா. அங்கே மருந்துக் கிடங்கு அவள் பொறுப்பு. காலாவதியான மருந்தைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கண்ணை அவள் கிடங்கிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. மனிதர்களையும் பெட்டியைத் திருப்பித் தேதி பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். பெரும்பாலும் தேதி முடிந்துதான் இருக்கும்.

வீடு அப்பா கட்டியது. போன வருஷம் அவர் போன பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதியாக வந்தது. விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் அக்காதான். மருத்துவமனைக்குப் பின்தெருவில், நாலாவது மாடியில், ஒரே ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற தலைமை நர்சின் வீடு அது. மாசக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்று அந்த அம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குமேல் அவளாலும் தாங்காது, மகள் வீட்டுக்குப் போகிற அவசரம் அவளுக்கு. அந்த வீட்டு ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றபோது அக்காவுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இங்கே உள்ளேயிருந்து யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள். அதை நினைத்தபோது அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு ஆசை அவளுக்கு அந்த வீட்டின்மேல்.

ஆனால் தம்பி கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. தம்பி என்றால், படிப்பு முடிந்த கையோடு வெளியூர் போய், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம் என்று ஆகிவிட்டவன். அப்பா படுக்கையில் கிடந்தபோது போனில் அக்கறையாக விசாரித்தவன். இப்போது வீட்டை விற்கத் தயார் பண்ண வேண்டும் என்றதும் விடுமுறை போட்டுக்கொண்டு வந்து நின்றான். வந்தவன் வீட்டில் தங்கவில்லை. பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளாது என்று விடுதியில் அறை எடுத்துக்கொண்டான். பகலில் மட்டும் வந்து ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்ப்பான். இங்கேதான் அப்பா என் உயரத்தைக் கோடு போட்டு வைப்பார் என்பான், கண்ணைத் துடைத்துக்கொள்வான். அந்தச் சுவரில் மழைக்காலம் தோறும் ஈரம் ஏறியபோது துடைத்தவள் பக்கத்தில் நிற்பது அவன் கண்ணில் படவில்லை. அக்கா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது, கூடப் பிறந்து தொலைத்தாயிற்று.

வீட்டை அழகு பண்ணுவதற்கென்றே ஒருத்தியைத் தம்பி மனைவி ஊரிலிருந்தபடியே போனில் பிடித்து அமர்த்தியிருந்தாள். விற்கப் போகிற வீடுகளை ஜோடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழிலாம். வந்த அன்றே அக்கா அவளுக்கு அலங்காரி என்று பேர் வைத்துவிட்டாள். அலங்காரி வாசலிலிருந்து கொல்லைவரை மூக்கைச் சுளித்துக்கொண்டே நடந்தாள். அப்பா படம், அப்பா நாற்காலி, மாத்திரை டப்பாக்கள், அக்காவின் கட்டில், அக்காவின் துணிக்கொடி என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டினாள். எல்லாம் போக வேண்டும். வீட்டில் ஆள் இருந்த அடையாளமே தெரியக் கூடாது, அப்போதுதான் வருகிறவர்களுக்குத் தங்களை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றும் என்றாள்.

"அப்ப நான் எங்க போய் நிக்கட்டும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஆளுங்க வர்ற நேரத்துல மட்டும் பின்பக்கம் இருந்தீங்கன்னா போதும் மேடம்," என்றாள் அலங்காரி, சிரித்த முகம் மாறாமல்.

 அக்கா நாலாவது மாடி ஜன்னலை நினைத்துக்கொண்டாள். தன் துணிமணியைப் பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்றிக்கொண்டு, அங்கேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

இந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தன் ஆயுசில் ஒரு தச்சரையோ குழாய்க்காரரையோ வாசல் தாண்டி உள்ளே விட்டதில்லை. எது கெட்டாலும் அவரே உட்கார்ந்துவிடுவார். கம்பித் துண்டு, ரப்பர் குழாய், அறுந்த செருப்பின் வார், எதுவும் அவருக்கு ஆகும். வீட்டில் அதற்கு 'அப்பா வேலை' என்றே பேர். கூடத்து விளக்கு சுவிட்சைப் போட்டால் வாசல் விளக்கு எரியும். சமையலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருகினால் தண்ணீர் கொட்டும். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறக்க வேண்டுமென்றால் மேல் இழுப்பறையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே இருந்தவர்களுக்கு இதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி, கை தானாகப் போய்விடும். பழுது என்று யாரும் நினைத்ததில்லை. ஓடாமல் நின்றால்தானே பழுது, இங்கேதான் எல்லாமே ஓடிக்கொண்டிருந்ததே.

அலங்காரிக்கு அந்தக் கை இல்லை. முதல் நாளே குழாய் அவள் பட்டுச் சட்டையை நனைத்துவிட்டது. உடனே ஆளைக் கூப்பிட்டுக் குழாயையும் சுவிட்சையும் மாற்ற வைத்தாள். அதில் அக்காவுக்குச் சந்தோஷமே. பிறகு அலங்காரி கதவுகளைப் பற்றிக் கேட்டாள், எதிலாவது தொந்தரவு உண்டா என்று. அக்கா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள், எல்லாக் கதவும் நன்றாகத்தான் இருக்கிறது, திறக்கிறது, மூடுகிறது, கதவுக்கு வேறென்ன வேலை என்று. பொய் இல்லை. அவள் அப்படித்தான் நினைத்தாள்.

அலங்காரியின் மொத்தத் திறமையும் அப்பா அறைக்குப் பக்கத்துக் குளியலறையில் போய்க் குவிந்தது. வீட்டிலேயே பெரிய ஜன்னல் அதற்குத்தான். வெள்ளை வெளேர் என்று துண்டுகளை அடுக்கினாள். எலுமிச்சை வாசனை மெழுகுவர்த்தி வைத்தாள். கதவின் உட்பக்கம் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை மாட்ட வைத்தாள். அதைத் தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. விற்கிற வரைக்கும் குடும்பத்தார் யாரும் இந்தக் குளியலறையைத் தொடக் கூடாது, பின்பக்கம் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று தடை போட்டாள். குளிக்கக் கூடாத குளியலறையும் வந்தாயிற்று, இனி சமைக்கக் கூடாத அடுப்பு ஒன்றுதான் பாக்கி என்று அக்கா சொன்னாள். மறுநாள் அடுப்பின்மேல் ஒரு பூச்செடித் தொட்டி உட்கார்ந்திருந்தது.

வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தரகர் முன்னால் வருவார், வாயெல்லாம் பல்லாக. கூடத்தில் அலங்காரி மெல்லிசாகப் பாட்டு ஒன்றை ஓட விடுவாள். தம்பி தலையைச் சாய்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு செங்கல்லிலும் எங்க அப்பா மூச்சு இருக்கு என்று ஆரம்பிப்பான். செங்கல்லை வாங்க வந்தவனுக்கு உன் அப்பா மூச்சு எதற்கடா என்று, பின்பக்கத்திலிருந்து ஒட்டுக் கேட்கிற அக்காவுக்கு வாய் துறுதுறுக்கும்.

வந்தவர்களையும் அவள் விட்டு வைக்கவில்லை. கதவு இடுக்கு வழியாகப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தேதி போட்டாள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. அந்தப் பெண் குளியலறைக்குள் கண்ணாடியைப் பார்க்கப் போனவள், வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. வந்தபோது முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தன் மூஞ்சியை அவ்வளவு நேரம் பார்க்க அதில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வந்தார். அவரும் உள்ளே போனார். வெளியே வந்தபோது விரல் மூட்டைத் தடவிக்கொண்டே வந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மாடியைக்கூடப் பார்க்காமல் கிளம்பினார். கிழவருக்கும் கண்ணாடி ஆசை என்று அக்கா கணக்கை முடித்தாள். அப்புறம் வந்த பாட்டு டீச்சரும் அதற்குள் போய், வியர்த்த முகத்தோடு வெளியே வந்து, கும்பிட்டபடியே பின்னோக்கி நடந்து போனாள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

மாசம் தேய்ந்துகொண்டே வந்தது. தலைமை நர்ஸ் ஒரு நாள் கிடங்குக்கே வந்து, வேறு ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறான், என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யார் கையையும் பிடிக்கிற ரகம் இல்லை.

அன்றைக்குச் சாயந்திரம் தரகரை உட்கார வைத்து விசாரித்தார்கள். சோபாவில் இல்லை, நாற்காலியில். தரகர் காதைச் சொறிந்தார்.

"எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணையே சொல்றாங்கம்மா. வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ள ஏதோ மூச்சு முட்டுதுன்னு."

அலங்காரி உடனே சுவர் நிறத்தைக் குற்றம் சொன்னாள். இளமஞ்சள் அழுத்துகிறதாம், வெள்ளை அடித்தால் சரியாகிவிடுமாம். தம்பிக்கு வேறு விளக்கம் இருந்தது. அவன் குரல் தழுதழுத்தது.

"அப்பாதான்க்கா. அவரு இன்னும் இங்கதான் இருக்காரு. வர்றவங்கள விட மாட்டேங்குறாரு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது வந்து பார்க்காதவனுக்கு, செத்த பிறகு இருப்பது மட்டும் தெரிகிறதாம். அடிக்கிற வெள்ளையை இவன் மூளைக்கும் ஒரு கை அடிக்கலாம் என்று நினைத்தாள். வெள்ளை அடித்தார்கள். யாரும் வரவில்லை.

மாசத்தின் கடைசி வாரம் பல் டாக்டர் வந்தார்.

ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிச் சம்பாதித்தவர். காரை விட்டு இறங்கினார், வெளிக்கதவு அருகில் நின்றார். மனையின் அகலத்தைக் கண்ணால் அளந்தார், தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார், கார் நிறுத்த இடம் வருமா என்று தரகரைக் கேட்டார். காலையிலிருந்து தரையைத் துடைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அக்கா, அன்றைக்குப் பின்பக்கம் போய் ஒளியவில்லை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

"உள்ள பாக்க வேண்டியதில்லம்மா," என்றார் பல் டாக்டர். "எப்படியும் எடுத்துடப் போறோம். நமக்கு இடம்தான்."

சொத்தைப் பல்லைப் பற்றிச் சொல்கிற அதே குரல். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் தருகிறேன், உடனே முடித்துக்கொள்ளலாம், ஆனால் இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு மனை பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். செருப்பில் ஒரு பொட்டு வீட்டு மண் ஒட்டவில்லை.

 அக்காவுக்கு நாலாவது மாடி கைக்கு எட்டிவிட்டது. கூடவே எங்கோ ஓரிடத்தில் சுருக் என்றது. காலையில் துடைத்த தரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம், சீ, இடிக்கிறவனுக்குத் தரை எதற்கு என்று அதை ஒதுக்கித் தள்ளினாள்.

தம்பி தள்ளவில்லை. கூடத்துக்கு நடுவில் நின்று, இடிக்கிறவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்றான். அப்பா வியர்வை என்றான், பிறந்த மண் என்றான். அவனை மருத்துவமனையில்தான் பெற்றார்கள் என்பதை அக்கா நினைவுபடுத்தினாள். மாசக் கடைசி வந்துவிட்டது, நர்ஸ் இதற்குமேல் காத்திருக்க மாட்டாள், எனக்கு அந்த வீடு வேண்டும்டா என்று சொன்னாள். கெஞ்சுகிற மாதிரியே சொன்னாள், அது அவளுக்கே பிடிக்கவில்லை. தம்பி கேட்கவில்லை. உனக்குக் கல் மனசு, இந்த வீட்டுமேல் உனக்குப் பாசமே கிடையாது என்றான். சொல்லிவிட்டுக் கண்ணீரை மறைக்கப் போகிறவன் மாதிரி விறுவிறு என்று நடந்தான். அவன் கண்ணீருக்கும் ஒரு ஜோடித்த இடம் தேவைப்பட்டதோ என்னவோ, யாரும் தொடக் கூடாத அந்தக் குளியலறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.

தரகர் போன் பண்ணுங்கள் என்று சைகை காட்டிவிட்டுக் கிளம்பினார். அலங்காரி அன்று வரவில்லை, பாட்டும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவு ஆடுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"அக்கா."

 அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டு அவள் கேட்டு வருஷம் ஒன்று ஆகியிருந்தது.

"அக்கா, கதவு வரல."

"இழுக்காத. தூக்கு," என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலே. "பிடியத் தூக்கிக்கிட்டே கீழ முழங்கால வச்சு அழுத்து. அப்புறம் இழு."

அவன் தூக்கினான், அழுத்தினான், இழுத்தான். கதவு அசையவில்லை. வெளியிலிருந்து தள்ளு என்றான். தள்ளினால் இன்னும் இறுகும் என்றாள். இது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டான். நீ போன பிறகு அப்பா போட்ட தாழ்ப்பாள் என்றாள். மறுபடியும் முயன்றான், எங்கோ இடித்துக்கொண்டு முனகினான். பிறகு எரிச்சலோடு கேட்டான்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கக் கூடாதாக்கா? இத்தனை வருஷம் என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?"

அக்கா பின்பக்கச் சாமான் அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அலங்காரி தூக்கிப் போடச் சொல்லியும் அக்கா எடுத்து ஒளித்து வைத்திருந்த ஸ்டூல்.

"என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு சொல்றேன், கேளு. இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்," என்றாள். குரல் உயரவில்லை. "கடைசி வருஷம் பூரா அப்பா காலைல இதுக்குள்ள போயிட்டு வர முடியாம நிப்பாரு. கை நடுங்கும், தூக்க வராது. வெளிய உக்காந்து நான் சொல்லணும், தூக்குங்கப்பா, முழங்கால் வைங்கப்பான்னு. சில நாள் அழுவாரு. ஆளைக் கூப்பிடட்டுமான்னா, நான் போட்ட கதவ எவன் தொடுறதுன்னு உள்ள இருந்தே கத்துவாரு. கிடங்குக்கு லேட்டாப் போயி தினம் பேச்சு வாங்குவேன். நீ போன் பண்ணி, அப்பா எப்படி இருக்காருன்னு கேப்ப. நல்லா இருக்காருன்னு சொல்வேன்."

கதவை ஒட்டி அவன் குரல் வந்தது.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ அப்பாவத்தான கேட்ட. என்னைக் கேக்கலையே."

  இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்லிவிட்டோமே என்று அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, கோபம் வந்ததும் பேச்சு சுலபமாயிற்று.

"வீட்ட இடிக்கக் கூடாதுன்னா இடிக்க வேணாம்டா. விடுதியக் காலி பண்ணிட்டு வந்து நீ இரு. சுவரத் தடவு, செங்கல்ல மோந்து பாரு. நான் என் துணிய எடுத்துக்கிட்டு எங்கயாவது போறேன். பாசம் எனக்கு இல்ல, சரி. உனக்கு இருக்குல்ல, அதுகிட்டச் சொல்லு, கதவத் திறக்கட்டும்."

 கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே அவன் யாருக்கோ போன் போடுவது கேட்டது. சுவர் ஓடுகளில் மோதிக் குரல் எதிரொலித்தது. தரகரிடம், சரி, பல் டாக்டருக்கே முடித்துவிடுங்கள் என்றான். ஆமாம், நான் வீட்டில்தான் இருக்கிறேன், கொஞ்சம் வேலையாக இருக்கிறேன் என்றான். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நாலாவது மாடி வீடு அவளுக்குக் கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டும், ஆனால் அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப சொல்லுக்கா," என்றான்.

அப்போதுதான் அவளுக்குக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் தூக்கி மாட்டிய கனம் அந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிக் கீழே வை என்றாள். அவன் முக்கி முனகிக் கழற்றி வைத்தான். தூக்கு என்றாள். முழங்கால் என்றாள். இழு என்றாள். எல்லாம் அதே வார்த்தைகள், அதே வரிசை. கதவு திறந்தது.

தம்பி வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. விரல் மூட்டைத் தடவிக்கொண்டே, தண்ணீர் வேண்டும் என்றான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். புதுசாகக் கல்யாணமான அந்தப் பெண்ணிடம் பார்த்தாள், வங்கி மேலாளரிடம் பார்த்தாள், கும்பிட்டபடி பின்னோக்கி நடந்த பாட்டு டீச்சரிடமும் பார்த்தாள். தம்பியும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கண்ணாடி பார்க்கக் கதவைச் சாத்தியிருப்பார்கள். இவன் மாதிரி அறைந்து சாத்தாததால், இழுத்து ஆட்டி எப்படியோ வெளியே வந்திருப்பார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுக் குளியலறையில் மாட்டிக்கொண்டேன் என்று யார் வாய் விட்டுச் சொல்வார்கள். தட்டினாலும் அந்தப் பாழாய்ப்போன பாட்டில் யாருக்குக் கேட்டிருக்கும்.

எல்லாக் கதவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னவள் அவள்தான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தேதி பார்க்கிறவள், அப்பா அழுத கதவை, தானே காவல் உட்கார்ந்த கதவை, ஒரு நாள்கூடப் பழுது என்று நினைக்கவில்லை. அத்தனை நாளும் இடுக்கு வழியாக வந்தவர்களை இளக்காரமாகப் பார்த்தாளே, அதே இளக்காரத்தோடு யாரோ இப்போது தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்த்தது அவள்தான். 

"அப்பாதான் விட மாட்டேங்குறாருன்னு சொன்னேன்ல," என்றான் தம்பி.

  அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு அவளும் சிரித்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் அது சிரிப்பா அழுகையா என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேரும் அந்த வெள்ளை சோபாவில் போய் உட்கார்ந்தார்கள். நன்றாகவே பள்ளம் விழுந்தது.

மாசம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அலங்காரி சோபாவையும் கண்ணாடியையும் துண்டுகளையும் வாரிக்கொண்டு போனாள். இந்த வீட்டை விற்றுக் கொடுத்தது தன் வெள்ளைச் சுவர்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தரகர் சொன்னார். சொல்லிக்கொண்டு போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். பத்திரம் பதிந்தாயிற்று. நாலாவது மாடி வீட்டின் சாவி அவள் கைப்பைக்குள் இருந்தது.

சாவி கொடுக்கிற நாள் காலையில் அக்கா வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்தாள். இடிக்கிற வீட்டைத் துடைக்கிறியே என்று தம்பி கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றாள். அவன் இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு வந்து கூடத்தைத் துடைத்தான். மூலையெல்லாம் விட்டுவிட்டான்.

பல் டாக்டர் இடிக்கிற ஒப்பந்தக்காரரோடு வந்தார். அன்றைக்கும் வெளியிலேயே சுற்றினார். மதிலைத் தட்டிக் காட்டினார், வெளிக்கதவைப் பிடித்து ஆட்டினார், எத்தனை நாளில் மொத்தமாக எடுக்க முடியும் என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் அளவு நாடாவோடு கொல்லைப்புறம் போனார். பல் டாக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், கதவின் துரு அதில் அப்பியிருந்தது. கை கழுவ வேண்டுமே என்றார்.

பின்பக்கக் குழாய் பக்கத்திலேயேதான் இருந்தது. அக்கா உள்பக்கம் கை நீட்டினாள்.

"நேராப் போங்க டாக்டர். அந்தப் பெரிய ரூமுக்குப் பக்கத்துல."

அவர் செருப்போடு துடைத்த தரைமேல் நடந்து போனார். சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிற்று, நின்றது. பிறகு கதவு ஆடுகிற சத்தம். ஒரு முறை, இன்னொரு முறை. அப்புறம் மரியாதையாக ஒரு குரல், யாராவது இருக்கிறீர்களா என்றது.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள். அன்றைக்கு அந்த ஆள் வெளிக்கதவோடு நின்று திரும்பியது தனக்கு எவ்வளவு வலித்தது என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. கையோடு கொண்டு போக எடுத்து வைத்திருந்த ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள்.

"போவோம்டா, என்ன அவசரம்," என்றாள். "உள்ள பாக்க வேண்டியதில்லன்னாரு. கொஞ்சம் பாக்கட்டும்."